ஒரே மேசையில் மந்திரவாதியும் வாள்வீரரும்: புதிய ஆட்ட நடத்துநருக்கு ஒரு வழிகாட்டி

மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் கதையாட்டம் ஒன்றில், ஐந்தாம் லெவலை எட்டிய அன்று, மந்திரவாதியை ஆடுபவர் ஃபயர்பால் மந்திரத்தை முதன்முறையாக எடுக்கிறார். 20 அடி ஆரமுள்ள வட்டத்துக்குள் நின்ற எதிரிகள் அனைவர்மீதும் எட்டு ஆறுபக்கப் பகடைகளின் சேதம் ஒரே வீச்சில் விழுகிறது. மேசையின் மறுமுனையில், இரண்டு வாரமாகக் கவசமும் கேடயமும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த வாள்வீரர், மிச்சமிருக்கும் ஒருவனை வெட்டி முடிக்கத் தன் முறைக்காகக் காத்திருக்கிறார். கதையையும் எதிரிகளையும் நடத்திச்சென்று, அன்றிரவு வீடு திரும்பும் புதிய ஆட்ட நடத்துநருக்கு, விதிப்புத்தகத்தையே திருத்த வேண்டும் என்று தோன்றுவது இயல்பு. அந்தத் திருத்தத்தைக் கடைசிவரை ஒத்திப்போடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இக்கட்டுரை. அதற்கு முன்னால் செய்யக்கூடியவை பல இருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஏற்கெனவே விதிகளுக்குள்ளேயே இருந்தும், மேசையில் மறக்கப்பட்டுவிடுகின்றன.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பிலிருந்து, அதாவது 2014-இல் வெளிவந்த விதிகளிலிருந்து தருகிறேன். வேறு ஆட்டம் ஆடுபவர்களுக்கும் வழிமுறை பொருந்தும். எண்களை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். மந்திரவாதி என்று நான் எழுதும் இடங்களில் மந்திரம் ஓதும் எல்லா வகுப்பினரையும், வீரர் என்று எழுதும் இடங்களில் ஆயுதத்தை நம்பும் எல்லா வகுப்பினரையும் எடுத்துக்கொள்ளலாம்.

முதற்படி: எதைச் சமன்செய்யப் போகிறீர்கள் என்று தீர்மானியுங்கள்

சமநிலை என்றவுடன் பலரும் ஒரு சுற்றில் யார் எவ்வளவு சேதம் செய்தார் என்று கூட்டிப் பார்க்கிறார்கள். அது எளிதில் அளக்கக்கூடியது என்பதால்தான் அதை அளக்கிறோம். ஆனால், மேசையில் அமர்ந்திருப்பவருக்குச் சலிப்பு உண்டாவது அவருடைய எண் சிறியதாக இருப்பதால் அன்று. அவர் என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் கதை ஒரே திசையில்தான் போகும் என்று அவருக்குத் தெரிந்துவிடுவதால். ஆகவே, நான் பரிந்துரைக்கும் அளவுகோல் இது: ஓர் அமர்வு முடிந்தபின், ஒவ்வோர் ஆட்டக்காரரின் தீர்மானத்தாலும் நிகழ்வுகள் மாறிய ஓர் இடத்தையாவது உங்களால் சுட்டிக்காட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால், அந்த ஆட்டக்காரரின் பெயரைக் குறித்துக்கொண்டு அடுத்த படிகளுக்குச் செல்லுங்கள்.

முதல் அமர்வுக்கு முன்பே இதை ஆட்டக்காரர்களிடம் பேசிவிடுவது நல்லது. சிலர் ஏற்றத்தாழ்வைப் பொருட்படுத்துவதே இல்லை. 1987-இல் வெளிவந்த ஆர்ஸ் மாஜிக்கா என்னும் ஆட்டத்தில் மந்திரவாதிகள் மற்ற பாத்திரங்களைவிடத் தெரிந்தே வலிமை மிக்கவர்களாக வைக்கப்பட்டிருக்கிறார்கள். அதற்கு ஈடாக, ஒவ்வோர் ஆட்டக்காரரும் ஒரு மந்திரவாதியையும், ஒரு துணைவரையும் தமக்கெனக் கொண்டு, பணியாட்களையும் காவலர்களையும் பொதுவில் பகிர்ந்துகொண்டு, கதைக்கேற்ப மாறி மாறி ஆடுகிறார்கள். ஏற்றத்தாழ்வு எல்லோருக்கும் தெரிந்து, எல்லோரும் ஒப்புக்கொண்டதாக இருந்தால் அது குறை ஆகாது. தெரியாமல் வந்து சேரும்போதுதான் மனத்தாங்கல் உண்டாகிறது.

இரண்டாம் படி: இந்த ஏற்றத்தாழ்வின் வேரைத் தெரிந்துகொள்ளுங்கள்

1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் வெளியிட்ட செயின்மெயில் என்னும் போர்ப்படை ஆட்டத்தின் கற்பனைப் பிற்சேர்க்கையில், மந்திரவாதியின் தீக்குண்டு தாக்கும் பரப்பு ஒரு பெரிய கல்லெறி பொறி தாக்கும் பரப்புக்குச் சமம் என்றே விதி எழுதப்பட்டிருந்தது. அங்கே மந்திரவாதி பீரங்கியின் இடத்தை நிரப்பினார். 1974-இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தபோது, அந்தப் பீரங்கி ஒரு தனி மனிதராக, ஒரு தனி ஆட்டக்காரரின் கைக்கு வந்தது. படைக்கலமாகப் பிறந்த ஒன்றும், படைவீரனாகப் பிறந்த ஒன்றும் தோளோடு தோள் நின்று நடக்கத் தொடங்கிய நாள் முதலே இந்தச் சிக்கல் இருக்கிறது.

பழைய பதிப்புகள் இதற்குக் கடுமையான விலைகளை வைத்திருந்தன. 1981-இன் அடிப்படைப் பதிப்பில் இரண்டாம் லெவலுக்கு ஏற வீரருக்கு 2,000 அனுபவப் புள்ளிகள் போதும். மந்திரவாதிக்கு 2,500 வேண்டும். மந்திரவாதியின் உயிர்ப்புள்ளிக்கு நான்குபக்கப் பகடை. முதல் லெவலில் நாளொன்றுக்கு ஒரே ஒரு மந்திரம். ஓதத் தொடங்கியபின் அடி விழுந்தால் அதுவும் பாழ். ஒரு பூனை கீறினால்கூடச் செத்துவிடுவார் என்று அக்கால மந்திரவாதிகளைப் பற்றிக் கேலி பேசுவார்கள். அது பெரிய மிகையும் அன்று. பிழைத்துக்கிடந்து மேலேறியவர் பிற்காலத்தில் பெற்ற வலிமை, அந்தப் பாடுகளுக்கான கூலியாகக் கருதப்பட்டது. வீரருக்கோ, ஒன்பதாம் லெவலை ஒட்டிக் கோட்டையும் நிலமும் ஆட்களும் வந்து சேர்ந்தன.

2000-இல் வந்த மூன்றாம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் ஒரே அனுபவப் பட்டியலை வைத்தது. மந்திரவாதியின் பழைய விலைகளுள் பலவும் தளர்ந்தன, வலிமை தளரவில்லை. வீரர் படிப்படியாக வளர, மந்திரவாதி வர்க்க எண்களைப்போல் பாய்ந்து வளர்கிறார் என்ற பேச்சு பரவலானது. 2008-இன் நான்காம் பதிப்பு எல்லா வகுப்புகளுக்கும் எப்போதும் செய்யக்கூடியவை, மோதலுக்கு ஒருமுறை, நாளுக்கு ஒருமுறை என்று ஒரே தாளத்தைக் கொடுத்து இடைவெளியை ஏறக்குறைய மூடியது. எல்லாரும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள் என்ற முறையீட்டையும் சேர்த்தே வாங்கிக்கொண்டது. இந்த வரலாற்றை நான் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சமநிலையை விதியால் மட்டும் கொண்டுவந்தால் வேறுபாடு கரைந்துபோகும் அபாயம் இருக்கிறது. வேறுபாட்டைக் காப்பாற்றிக்கொண்டு சமநிலையும் வேண்டும் என்றால், எஞ்சிய வேலையை நடத்துநர்தான் செய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: ஓய்வை உங்கள் கைக்குள் கொண்டுவாருங்கள்

இக்கட்டுரையில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய உங்களுக்கு நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள். வீரரின் வாள் தீர்ந்துபோவதில்லை. மந்திரவாதியின் மந்திர ஸ்லாட்டுகள், அதாவது மந்திரம் ஓதும் வாய்ப்புகள், தீர்ந்துபோகும்; பெரும்பாலும் இரவு உறங்கும் நெடு ஓய்வில்தான் திரும்பும். ஆகவே இருவருக்கும் இடையிலான விகிதம், இரண்டு ஓய்வுகளுக்கு நடுவே எத்தனை மோதல்கள் நடக்கின்றன என்பதைப் பொறுத்தது. 2014-இன் நடத்துநர் வழிகாட்டி, ஒரு நாளைக்கு நடுத்தரமான அல்லது கடினமான ஆறு முதல் எட்டு மோதல்களைத் தாங்கும்படி பாத்திரங்கள் வடிவமைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறது. நடைமுறையில் பல மேசைகளில் நாளுக்கு ஒன்றோ இரண்டோ மோதல்கள்தான். இடைவெளி அங்கேதான் திறக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஐந்தாம் லெவல் வீரர், வலிமைக்கு +4, கையில் இருகை வாள். தாக்குதலுக்கு இருபதுபக்கப் பகடையோடு +7, அது எட்ட வேண்டிய எதிரியின் கவச எண் 15 என்றால் நூற்றுக்கு அறுபத்தைந்து வீச்சுகள் படும். ஒவ்வோர் அடியும் சராசரியாக 11 சேதம். சுற்றுக்கு இரண்டு அடிகள் என்றால் சராசரி ஏறக்குறைய 14. கூடுதலாக, ஆக்‌ஷன் சர்ஜ் என்னும் திறனால், சிறிது நேரம் இளைப்பாறும் ஒவ்வொரு குறு ஓய்வுக்கும் ஒருமுறை அந்தச் சுற்றை இரட்டிப்பாக்கலாம். மந்திரவாதிக்கு, ஃபயர்பாலுக்கு வேண்டிய மூன்றாம் அடுக்கு ஸ்லாட் இரண்டு. குறு ஓய்வில் ஆர்க்கேன் ரெகவரி என்னும் திறன் மூலம் இன்னொன்றை மீட்கலாம். ஃபயர்பாலின் சராசரி 28. எதிரிகளில் பாதிப்பேர் தடுப்பு வீச்சில், அதாவது சேவிங் த்ரோவில், தேறிப் பாதிச் சேதத்தோடு தப்பினால் தலைக்கு 21. அவை தீர்ந்தால் இரண்டாம் அடுக்கில் ஸ்கார்ச்சிங் ரே, ஏறக்குறைய 14. அதுவும் தீர்ந்தால் எப்போதும் கைவசம் உள்ள ஃபயர் போல்ட், சுற்றுக்கு 7.

நாளுக்கு ஒரே மோதல், மூன்று சுற்றுகள், நெருங்கி நிற்கும் நான்கு எதிரிகள்: மந்திரவாதி ஏறக்குறைய 182, வீரர் 57. மூன்று மடங்குக்கும் மேல். அதே ஒரே மோதலில் எதிரி ஒருவனே என்றால் மந்திரவாதி 56, வீரர் 57, சமம். இப்போது நாளுக்கு ஆறு மோதல்கள், நடுவே இரண்டு குறு ஓய்வுகள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஃபயர்பால்களும் நால்வர்மீது விழுந்தாலும் மந்திரவாதியின் கூட்டுத்தொகை 379 அளவில் நிற்க, வீரர் 300-ஐத் தொட்டுவிடுகிறார். எதிரிகள் ஒவ்வொருவராக வந்தால் மந்திரவாதி 190-இல் நின்றுவிட, வீரர் அதே 300-இல் இருக்கிறார். சிறப்பு அடிகளையும், முதலாம் அடுக்கு மந்திரங்களையும் நான் விட்டுவிட்டேன். அவற்றைச் சேர்த்தாலும் போக்கு மாறாது. மந்திரத்தில் ஓர் எழுத்தைக்கூடத் திருத்தாமல், மூன்று மடங்கு இடைவெளி கால் மடங்குக்கு இறங்குகிறது, சில வேளைகளில் தலைகீழாகவும் திரும்புகிறது.

நாளுக்கு ஆறு மோதல்கள் நடத்துவது எல்லாக் கதைகளுக்கும் பொருந்தாது என்பது உண்மைதான். அரண்மனைச் சூழ்ச்சியை மையமாகக் கொண்ட தொடரில் ஆறு முறை வாளை உருவினால் அது நகைச்சுவையாகிவிடும். அப்படிப்பட்ட தொடர்களுக்காக, குறு ஓய்வு 8 மணி நேரம், நெடு ஓய்வு 7 நாள் என்னும் மாற்று விதி ஒன்று அதே வழிகாட்டியில் இருக்கிறது. மோதல்கள் ஒரு வாரத்துக்குள் பரவிக்கொள்ளும், கணக்கு மாறாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 8 மணி நேரம் நீடிக்கும் மேஜ் ஆர்மர் போன்ற மந்திரங்களின் காலம் இந்த மாற்று விதியால் நீள்வதில்லை. முன்பு ஒரு ஸ்லாட்டில் ஒரு நாளின் மோதல்களையெல்லாம் கடந்த மந்திரவாதி, இப்போது ஒவ்வொரு நாளுக்கும் புதிதாக ஒரு ஸ்லாட் செலவிட வேண்டிவரும். அது உங்களுக்குச் சரியா என்பதை ஆட்டக்காரரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

மாற்று விதி வேண்டாம் என்பவர்கள், ஓய்வுக்கு விலை வையுங்கள். 24 மணி நேரத்துக்குள் ஒரு நெடு ஓய்வின் பலனை மட்டுமே பெறலாம் என்பது விதி. காலை ஒன்பது மணிக்கு ஒரு சண்டை போட்டுவிட்டு உடனே படுத்துக்கொள்ள முடியாது. பாதுகாப்பான குடிலை எழுப்பும் டைனி ஹட் மந்திரத்துக்குள் குழு உறங்கினால், உறங்கட்டும். வெளியே உலகம் உறங்குவதில்லை. காவலர்கள் பிணங்களைக் கண்டெடுப்பார்கள், கதவுகளுக்குத் தாழிடுவார்கள், கைதியை வேறிடத்துக்கு மாற்றுவார்கள். இதைத் தண்டனையாக அன்றி, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட கெடுவாக வையுங்கள்: மூன்றாம் நாள் நிலவு உதிக்கும்போது சடங்கு முடிந்துவிடும் என்று முதலிலேயே தெரிந்தால், எப்போது ஓய்வெடுப்பது என்பது ஆட்டக்காரர்களின் தீர்மானமாகிவிடுகிறது. சொல்லாமல் நள்ளிரவில் ஓநாய்களை ஏவிவிடும் நடத்துநரை இரண்டாம் முறைக்குமேல் யாரும் நம்ப மாட்டார்கள்.

நான்காம் படி: மோதலின் வடிவத்தை மாற்றுங்கள்

மேலே கண்ட கணக்கில், நால்வர் நெருங்கி நின்றதுதான் 182-ஐ உண்டாக்கியது. எதிரிகளை இருவர் இருவராகப் பிரித்து நிறுத்துங்கள். சிலரை முதல் சுற்றிலும், சிலரை மூன்றாம் சுற்றிலும் வரச் செய்யுங்கள். எல்லாரும் ஒரே வாசலில் வரிசைகட்டி வருவதை மந்திரவாதிக்கான பரிசாக எப்போதாவது வைத்துக்கொள்ளலாம். அவரும் தன் மந்திரத்துக்கு ஒரு நல்ல நாளை எதிர்பார்ப்பவர்தானே. தீ மூலைகளைச் சுற்றிப் பரவும், யாரும் கையில் வைத்திராத பொருள்களைப் பற்றவைக்கும் என்பதும் ஃபயர்பாலின் விதியிலேயே இருக்கிறது. தேடி வந்த ஓலைச்சுவடிகள் அதே அறையில் இருந்தால், மந்திரவாதியே தயங்கி வீரரின் முகத்தைப் பார்ப்பார்.

சேதக் கூட்டுத்தொகை மறைக்கும் ஒரு செய்தியையும் இங்கே சொல்ல வேண்டும். நால்வர்மீதும் 21 புள்ளி சேதம் விழுந்து நால்வரும் உயிரோடிருந்தால், அடுத்த சுற்றில் நான்கு வாள்கள் அதே விசையோடு உங்களை நோக்கி வரும். ஓர் உயிர்ப்புள்ளி மிச்சமுள்ளவனும் முழு வலிமையோடுதான் வெட்டுவான். ஒருவன்மீதே குவியும் வீரரின் அடி, எதிரியின் வாள்களில் ஒன்றைக் குறைக்கிறது. ஆகவே ஃபயர்பாலின் சராசரியான 28-ஐத் தாண்டிய உயிர்ப்புள்ளிகள் கொண்ட எதிரிகளைச் சற்று அதிகமாகப் பயன்படுத்தினால், மந்திரவாதி தளர்த்த, வீரர் வீழ்த்துகிறார் என்ற கூட்டு வேலை தானாகவே அமையும்.

தனியாக நிற்கும் பேரெதிரிகளின் சிக்கல் வேறு. ஒரே தடுப்பு வீச்சில் டிராகன் தவளையாக மாறிவிட்டால், வீரரின் பத்து அடிகளும் வீணாகும். அதற்காகவே அவற்றுக்கு, தவறிய தடுப்பு வீச்சைத் தேறியதாக மாற்றும் லெஜண்டரி ரெசிஸ்டன்ஸ், பெரும்பாலும் நாளுக்கு மூன்று முறை, கொடுக்கப்பட்டிருக்கிறது. அதைச் செலவிடும்போது வெளிப்படையாக அறிவித்து, அதன் அடையாளத்தையும் விவரியுங்கள்: செதில்கள் உதிர்கின்றன, கொம்பில் விரிசல் விழுகிறது. அப்போது மந்திரவாதிக்குத் தன் ஸ்லாட் வீண்போகவில்லை என்று தெரியும்.

ஐந்தாம் படி: மந்திரங்களின் விளக்கத்தை முழுதாகப் படியுங்கள்

மந்திரத்தின் முதல் வரியை மட்டும் படித்துவிட்டு ஆடும் பழக்கம் எல்லா மேசைகளிலும் உண்டு. விலைகள் பெரும்பாலும் கடைசி வரிகளில்தான் இருக்கின்றன. பூட்டைத் திறக்கும் நாக் மந்திரத்தை எடுத்துக்கொள்வோம். அதை ஓதினால் 300 அடி தூரம் கேட்கும் தட்டல் ஒலி எழும். அந்த ஒரு வரியை நினைவில் வைத்திருந்தால், கோட்டைக்குள் பதுங்கிச் செல்லும் இரவில் பூட்டுத் திறப்பதில் தேர்ந்த திருடரின் மதிப்பு உடனே திரும்பிவிடும்.

மிக முக்கியமானது மனவொருமை விதி. கான்சன்ட்ரேஷன் என்று குறிக்கப்பட்ட மந்திரங்களில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் ஒருவர் தாங்க முடியும். பறக்க வைக்கும் ஃப்ளை, மறைய வைக்கும் இன்விசிபிலிட்டி, வேகமூட்டும் ஹேஸ்ட் ஆகிய மூன்றும் இவ்வகை. ஆகவே ஒரே மந்திரவாதி மறைந்துகொண்டே பறக்க இம்மூன்றில் இரண்டை ஒன்றாகத் தாங்க முடியாது. அடி விழும்போதெல்லாம் அவர் உடலுறுதித் தடுப்பு வீச்சு போட வேண்டும். இலக்கு 10, அல்லது விழுந்த சேதத்தில் பாதி, இரண்டில் எது பெரிதோ அது. 30 சேதம் விழுந்தால் இலக்கு 15. புதிய மேசைகளில் இந்த வீச்சு பாதி நேரம் மறந்துபோகிறது. மந்திரவாதி மனவொருமையைத் தாங்கும்போது அவர் முன்னால் ஒரு சிறு பொருளை வைத்துவிடுங்கள், ஒரு நாணயம் போதும். அவருக்கு அடி விழுந்தவுடன் எல்லார் கண்ணும் அந்த நாணயத்துக்குப் போகும். அவரைக் காப்பது எதற்காக என்று வீரருக்கும் புரியும். ஹேஸ்ட் மந்திரத்தை மந்திரவாதி வீரர்மீது ஓதும் பழக்கம் வந்துவிட்டால், உங்கள் வேலை பாதி முடிந்தது: ஒருவரின் ஸ்லாட், இன்னொருவரின் கூடுதல் வாள்வீச்சாகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வாய்விட்டு ஓத வேண்டிய மந்திரத்தை அவைக்களத்தில் யாருக்கும் தெரியாமல் ஓத முடியாது. கையசைவு தேவைப்படும் மந்திரத்தைக் கட்டுண்ட கைகளால் செய்ய முடியாது. விலை குறிக்கப்பட்ட பொருள்கள் தேவைப்படும் மந்திரங்களுக்கு, எடுத்துக்காட்டாக உயிர்மீட்கும் ரிவைவிஃபைக்கு 300 பொற்காசு மதிப்புள்ள வைரம், அந்தப் பொருளை உண்மையாகவே தேடிப் பெற்றிருக்க வேண்டும். இவற்றை ஒரே நாளில் கடுமையாக்காதீர்கள்; அமர்வின் தொடக்கத்தில், இனிமேல் இப்படி என்று சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

ஆறாம் படி: சண்டைக்கு வெளியே வீரருக்கு உறுதியைக் கொடுங்கள்

சேதத்தில் உள்ள இடைவெளியை மேலே கண்ட படிகள் மூடிவிடும். ஆழமான இடைவெளி வேறோர் இடத்தில் இருக்கிறது. மந்திரத்தின் விளக்கம், என்ன நடக்கும் என்று உறுதியாக எழுதித் தரப்பட்ட அனுமதிச் சீட்டு. ஃப்ளை ஓதினால் பறப்பீர்கள். அதற்குப் பகடை இல்லை, நடத்துநரின் இசைவும் தேவையில்லை. வீரர் மதிலேற வேண்டும் என்றால், முதலில் கேட்க வேண்டும். நடத்துநர் ஓர் இலக்கு எண் சொல்வார். பகடை போட வேண்டும். தவறினால் விழ வேண்டும். புதிய நடத்துநர்களோ, ஒரு வீச்சு போதாதென்று, ஏறும்போது ஒன்று, விளிம்பைத் தாண்டும்போது ஒன்று, சத்தமில்லாமல் இறங்க இன்னொன்று என்று கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு எழுபது என்றாலும், மூன்றிலும் வெல்வது நூற்றுக்கு முப்பத்துநான்குதான். வீரரைத் தோற்கடிப்பது பெரும்பாலும் மந்திரவாதி அன்று, இந்தக் கூடுதல் வீச்சுகள்தாம்.

ஆகவே இதை ஒரு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். ஒரு செயலுக்கு ஒரு வீச்சு. தோற்றால் கதை நிற்காமல், விலையோடு நகரட்டும்: ஏறிவிட்டார், ஆனால் கயிறு அறுந்துவிட்டது, பின்னால் வருபவர்களுக்கு வழியில்லை. அந்தப் பாத்திரத்தின் தொழிலுக்கும் பயிற்சிக்கும் இயல்பான செயல்களுக்கு வீச்சே கேட்காதீர்கள். இருபது ஆண்டு போர்க்களம் கண்டவர் ஒரு முகாமைப் பார்த்து, இங்கே எத்தனை பேர், தலைவன் எந்தக் கூடாரத்தில், காவல் எப்போது மாறும் என்று கேட்டால், பதிலைச் சொல்லிவிடுங்கள். தொலைவில் இருக்கும் எதிரியைக் காட்டும் மந்திரத்துக்கு நிகரான தகவல் அது, அதற்கு ஒரு ஸ்லாட்டும் செலவாகவில்லை.

இதோடு சேர்ந்த இன்னொரு பழக்கத்தையும் விட வேண்டும். மந்திரவாதியிடம், மந்திரம்தானே, நடக்கட்டும் என்கிறோம். வீரரிடம் மட்டும், சாதாரண மனிதரால் இது முடியுமா என்று நம் உடம்பை அளவுகோலாக வைத்துக் கேட்கிறோம். பதினைந்தாம் லெவல் வீரர் டிராகனின் மூச்சைத் தாங்கி நின்றவர். காவியங்களில் வரும் வீரர்கள் மரத்தை வேரோடு பிடுங்கியும் தேர்ச்சக்கரத்தைக் கையில் ஏந்தியும் போரிட்டார்கள். அதைக் கேட்டு வளர்ந்த நாம், மேசையில் அமர்ந்தவுடன் வீரரைப் பளு தூக்கும் போட்டியின் விதிகளுக்குள் அடைத்துவிடுவது விந்தைதான். பதினொன்றாம் லெவலுக்குமேல், வீரர் தூணைத் தள்ளி மண்டபத்தைச் சரிக்க விரும்பினால், ஒரு வீச்சு கேட்டு, வென்றால் சரியட்டும்.

பழைய பதிப்புகளின் கோட்டையும் படையும் இங்கேதான் பயன்படும். மந்திரவாதிக்குத் தொலைவிடம் தாவும் டெலிபோர்ட் கிடைப்பது பதின்மூன்றாம் லெவலில். அந்தக் காலத்தை ஒட்டி, வீரருக்கு நூறு ஆட்களின் விசுவாசம், ஒரு நகரத்தின் வாயில்கள், அவர் பேரைச் சொன்னால் திறக்கும் கதவுகள் ஆகியவற்றைக் கதைக்குள் கொடுங்கள். அரசனிடம் பேசப் போகும்போது, யாருடைய சொல்லுக்குப் படை அசையும் என்பது மேசையில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும்.

ஏழாம் படி: புதையலால் சரிசெய்யுங்கள்

இது எளிது, அதனால் சுருக்கம். பறக்க வைக்கும் காலணி, பேயுருவையும் வெட்டும் வாள், எதிரி மந்திரத்தை ஒருமுறை விழுங்கும் கேடயம்: வீரருக்கு இல்லாத வகைத் திறன்களைத் தரும் பொருள்களை வையுங்கள். +1, +2 என்று எண்ணை மட்டும் கூட்டும் ஆயுதங்கள், அவர் ஏற்கெனவே நன்றாகச் செய்வதையே இன்னும் நன்றாகச் செய்ய வைக்கும்; அவருக்கு வேண்டியது புதிய வாசல்கள். 2024-இன் திருத்தப்பட்ட விதிகளில், ஆயுதங்களுக்கே தள்ளுதல், வீழ்த்துதல், வேகம் குறைத்தல் போன்ற திறமைகள் தரப்பட்டுள்ளன. 2014-இன் விதிகளில் ஆடுபவர்களும் இவற்றைத் தங்கள் மேசைக்கு ஏற்றபடி எடுத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும், அடிக்கிறேன் என்பதற்கு மேல் சொல்ல வீரருக்கு ஒன்று கிடைக்கும்.

எட்டாம் படி: விதியைத் திருத்துவது, எல்லாவற்றுக்கும் பிறகு

நான் நடத்திய முதல் தொடரில் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தேன். நாளுக்கு ஒரு சண்டைதான் வைத்திருந்தேன். மந்திரவாதி மேலோங்குவது கண்டு, ஃபயர்பாலின் எட்டுப் பகடைகளை ஐந்தாகக் குறைத்தேன், அதுவும் ஒரு சண்டையின் நடுவில். அந்த ஆட்டக்காரர் வாதாடவில்லை. அடுத்த அமர்விலிருந்து அவர் மந்திரப் பட்டியலைப் படிப்பதை நிறுத்திவிட்டார். எதைத் தேர்ந்தெடுத்தாலும் நன்றாக வேலை செய்தால் பறிக்கப்படும் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். வீரரை ஆடியவருக்கும் இதனால் மகிழ்ச்சி இல்லை. அவருடைய குறை தீக்குண்டின் அளவு அன்று. மூன்று அமர்வுகளாகத் தன்னிடம் யாரும் எதையும் கேட்கவில்லை என்பதுதான்.

முதல் ஏழு படிகளையும் நான்கைந்து அமர்வுகளாவது செய்து பார்த்த பின்னரும் ஒரு மந்திரம் மேசையை விழுங்குகிறது என்றால், அப்போது திருத்துங்கள். அமர்வுக்கு வெளியே, அந்த ஆட்டக்காரரிடம் முதலில் தனியாகப் பேசுங்கள். எது தொல்லை தருகிறது என்பதை எடுத்துக்காட்டோடு சொல்லுங்கள். தீர்வை அவரிடமே கேளுங்கள், பல நேரங்களில் அவர் உங்களைவிடக் கடுமையான திருத்தத்தைச் சொல்வார். ஒரு நேரத்தில் ஒரு விதியை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. மாற்றம் அடுத்த அமர்வின் தொடக்கத்திலிருந்து செல்லும் என்று எல்லாருக்கும் எழுதித் தெரிவியுங்கள். அந்த மந்திரத்தையோ, அதை நம்பி எடுத்த திறன்களையோ அவர் இலவசமாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் அதே செய்தியில் சேர்த்துவிடுங்கள். மூன்று அமர்வுகள் கழித்து மறுபடி பேசும் நாளையும் அப்போதே குறித்து வையுங்கள். அந்த நாளில் வீரரை ஆடுபவரையும் உடன் அழைத்துக்கொண்டு, அவரிடமே முதலில் கேளுங்கள்.